நாலு பிளஸ் ஒண்ணு: உயர்கல்வி நிர்வாகத்தில் விரைவு முதுகலை பற்றி நம் பக்கத்துப் பிள்ளைகள் கேட்பவை

புதுச்சேரியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். டிசி வாங்க வருகிறவர்கள், போனஃபைடு கேட்டு வருகிறவர்கள், மகளோடு வரும் அப்பாக்கள் என்று கவுண்டருக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறவர்களில் பலர், வந்த வேலை முடிந்ததும் மேல்படிப்பைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். கொஞ்ச காலமாக, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் 'ஆக்சிலரேட்டட் மாஸ்டர்ஸ்' (விரைவு முதுகலை) பற்றி, அதிலும் உயர்கல்வி நிர்வாகம் என்ற பாடத்தைப் பற்றி, ஒரே மாதிரியான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்தும் வருகின்றன, கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்தும் வருகின்றன. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த விடைகளைக் கீழே தந்திருக்கிறேன்.

1. அக்கா, உயர்கல்வி நிர்வாகம்னா என்ன? பிரின்சிபால் ஆகுறதுக்கான படிப்பா?

இல்லை. வகுப்பறைக்கு வெளியே ஒரு கல்லூரியை நடத்துவதற்கான படிப்பு. மாணவர் சேர்க்கை, தேர்வு, மதிப்பெண் பதிவேடு, விடுதி, உதவித்தொகை, வேலைவாய்ப்பு, மாணவர் குறைதீர்ப்பு, வெளிநாட்டு மாணவர் சேவை, தரச் சான்றுக்கான புள்ளிவிவரம் எல்லாம் இதில் அடங்கும். மாணவர் மனவளர்ச்சி, உயர்கல்வியின் வரலாறு, கல்விச் சட்டம், நிதி, மதிப்பீடு ஆகியவை பாடங்களாக இருக்கும். இவற்றோடு ஏதாவது ஓர் அலுவலகத்தில் நேரடிப் பயிற்சியும் உண்டு.

நம் கல்லூரிகளில் இந்த வேலைகளில் பாதியை ஆசிரியர்களே கூடுதல் பொறுப்பாகச் சுமக்கிறார்கள். வேதியியல் எடுக்கிறவர்தான் விடுதிக் காப்பாளர், வரலாறு எடுக்கிறவர்தான் அட்மிஷன் பொறுப்பாளர். அமெரிக்காவில் இது நூறு ஆண்டுகளுக்கு முன்பே தனித் தொழிலாகப் பிரிந்துவிட்டது. அங்கே மாணவர் நலப் பணியாளர்களுக்கான பெரிய சங்கங்கள் இரண்டு. நாஸ்பா 1919-லும் ஏசிபிஏ 1924-லும் தொடங்கியவை. தொழில் தனியாக இருப்பதால் அதற்கென்று முதுகலைப் படிப்பும் தனியாக இருக்கிறது.

2. 'ஆக்சிலரேட்டட்'னா சீக்கிரமா முடிக்கிறது, அவ்வளவுதானே?

சீக்கிரம் முடிவது உண்மை. எப்படி முடிகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே இளங்கலை நான்கு வருடம், சுமார் 120 கிரெடிட் (பாடங்களின் அளவைக் குறிக்கும் கணக்கு). இந்தப் பாடத்தில் முதுகலை பொதுவாக இரண்டு வருடம், பல இடங்களில் 36 கிரெடிட் அளவில் இருக்கும். தனித்தனியாகப் படித்தால் ஆறு வருடம் ஆகும். விரைவுத் திட்டத்தில், இளங்கலை நான்காம் வருடத்திலேயே மூன்று நான்கு முதுகலைப் பாடங்களை எடுத்துக்கொள்ள விடுவார்கள். அந்த 9 முதல் 12 கிரெடிட் இளங்கலைக் கணக்கிலும் வரும், முதுகலைக் கணக்கிலும் வரும். மிச்சப் பாடங்களைக் கோடையையும் சேர்த்து ஐந்தாவது வருடத்தில் முடித்துவிடலாம். 'நாலு பிளஸ் ஒண்ணு' என்று சொல்வது இதைத்தான்.

பொதுவாக மூன்றாம் வருடத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஜிபிஏ (நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) 3.0 அல்லது அதற்கு மேல், பேராசிரியர் பரிந்துரை, ஏன் இந்தத் துறை என்று ஒரு கட்டுரை ஆகியவற்றைக் கேட்பார்கள். சேர்ந்த பிறகு முதுகலைப் பாடத்தில் பி கிரேடுக்குக் கீழே போனால், அந்தப் பாடம் முதுகலைக் கணக்கில் சேராமல் போகலாம்.

3. நான் பி.காம். இந்தப் பாடம் எடுக்க முடியுமா?

எடுக்கலாம். எந்த இளங்கலையாக இருந்தாலும் சரி. நிதி, புள்ளிவிவரம் தெரிந்த பி.காம். பிள்ளைக்கு இந்தத் துறையில் கூடுதல் வசதிதான்.

4. நான் மஞ்சக்குப்பத்துல மூணாவது வருஷம் முடிக்கப் போறேன். அந்த நாலு பிளஸ் ஒண்ணுல நேரா போய்ச் சேர்ந்துடலாமா?

முடியாது. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொண்டு வருவது இந்த இடத்தைத்தான். விரைவு முதுகலை என்பது ஒரு பல்கலைக்கழகம் தன்னிடம் ஏற்கெனவே இளங்கலை படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்குத் திறந்துவிடும் வழி. இரண்டு பட்டங்களுக்கும் பொதுவான கிரெடிட் என்பதே திட்டத்தின் உயிர். உங்கள் இளங்கலை கடலூரில் முடிந்துவிட்டால் பொதுவாக எண்ணிக்கொள்ள அங்கே எதுவும் இல்லை.

இங்கிருந்து போகிறவருக்குப் பெரும்பாலும் இருப்பவை இரண்டு வழிகள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோ, இங்கே ஓரிரு வருடம் படித்துவிட்டு மாறுதல் மாணவராகவோ அங்கே இளங்கலையில் சேர்வது ஒன்று. அந்த வழியில் இளங்கலைச் செலவு முழுவதும் தலையில் ஏறும். ஒரு வருட முதுகலையை மிச்சப்படுத்துவதற்காக இரண்டு முதல் நான்கு வருட இளங்கலைக் கட்டணத்தை டாலரில் கட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இங்கே பட்டம் முடித்து, அங்கே வழக்கமான இரண்டு வருட முதுகலைக்கு விண்ணப்பிப்பது இன்னொன்று. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நடைமுறையில் பொருந்துவது இரண்டாவதுதான்.

5. அப்போ மூணு வருஷ டிகிரியை வெச்சு அங்க மாஸ்டர்ஸ் சேர முடியுமா?

பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். சிலர் பதினாறு வருடப் படிப்பு வேண்டும் என்பார்கள், அதாவது பன்னிரண்டும் நான்கும். சிலர், கல்லூரிகளை மதிப்பிடும் நாக் அமைப்பின் தரச் சான்று நன்றாக உள்ள கல்லூரியின் மூன்றாண்டுப் பட்டத்தை, முதல் வகுப்பு இருந்தால், ஏற்றுக்கொள்வார்கள். விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன்பே அந்தப் பல்கலைக்கழகத்தின் முதுகலைச் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். கல்லூரியின் பெயர், இணைந்திருக்கும் பல்கலைக்கழகம், நாக் தரம், எத்தனை வருடப் பட்டம் என்ற நான்கும் அதில் இருக்கட்டும். எழுத்தில் வரும் பதிலை மட்டும் நம்புங்கள்.

6. நம்ம ஊர்லயும் ஒரு வருஷ பி.ஜி. வந்துடுச்சாமே, அக்கா?

விதி வந்திருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2024 ஜூனில் முதுகலைக்கான பாடத்திட்ட, கிரெடிட் வரையறையை வெளியிட்டது. நான்காண்டு ஆனர்ஸ் பட்டம் முடித்தவர்களுக்கு ஒரு வருட முதுகலை, மூன்றாண்டுப் பட்டம் முடித்தவர்களுக்கு இரண்டு வருட முதுகலை, பன்னிரண்டாம் வகுப்பிலிருந்தே ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு என்று மூன்று வழிகளை அது சொல்கிறது. இந்தக் கணக்கில் மூன்றாண்டுப் பட்டம் 120 கிரெடிட், நான்காண்டு 160, ஒரு வருட முதுகலை 40.

ஆனால் புதுச்சேரி-கடலூர் எல்லையான முள்ளோடைக்கு இந்தப் பக்கம் ஒரு கணக்கு, அந்தப் பக்கம் வேறு கணக்கு. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1985-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்த மத்தியப் பல்கலைக்கழகம். அதோடு இணைந்த கல்லூரிகளில் 2023-24 முதல் நான்காண்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கடலூர் மாவட்டக் கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. தமிழ்நாட்டில் மூன்றாண்டுப் பட்டமும் அதற்கு மேல் இரண்டாண்டு முதுகலையும்தான் வழக்கத்தில் இருக்கின்றன. இருபது சொச்சம் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் இரண்டு ஊர்களில் ஒரே வயதுப் பிள்ளைகள் வேறுவேறு அளவில் பட்டம் வாங்குகிறார்கள். அண்ணன் படித்த கணக்கைத் தம்பிக்குச் சொல்லும் முன், அவன் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்று பாருங்கள்.

7. அப்படின்னா பாண்டியில நாலு வருஷம் படிக்கிறவங்களுக்கு ஒரு வருஷம் லாபமா?

காலத்தில் லாபம் இல்லை. நாலும் ஒன்றும் ஐந்து, மூன்றும் இரண்டும் ஐந்து. வேறு வகையில் வித்தியாசம் உண்டு. நான்காண்டுப் பட்டம் இருந்தால் 5-ம் கேள்வியில் சொன்ன பதினாறு வருடச் சிக்கல் எழாது. மூன்றாம் வருட முடிவில் பட்டத்தோடு வெளியே வரும் வழியும் அந்தத் திட்டத்திலேயே உண்டு. வீட்டில் பண நெருக்கடி வந்தால் அது பெரிய ஆறுதல்.

மூன்றும் இரண்டும் படிக்கிறவருக்கு வேறொரு வசதி. முதுகலையில் இரண்டு முழு வருடம் கிடைக்கிறது. பாடத்தை மாற்றிக்கொண்டு இந்தத் துறைக்கு வருகிறவருக்கு அந்த இரண்டாவது வருடம் உண்மையாகவே தேவைப்படும்.

8. யுஜிசியே 'ஆக்சிலரேட்டட் டிகிரி'ன்னு கொண்டுவந்திருக்குன்னு பேப்பர்ல படிச்சேனே, அது இது இல்லையா?

அது வேறு. இளங்கலைப் பட்டத்தையே சீக்கிரம் முடிக்கும் வழி அது. ஒவ்வொரு செமஸ்டரிலும் கூடுதல் கிரெடிட் எடுத்து, மூன்றாண்டுப் பட்டத்தை ஐந்து செமஸ்டரில், நான்காண்டுப் பட்டத்தை ஆறு அல்லது ஏழு செமஸ்டரில் முடிக்கலாம். முதல் அல்லது இரண்டாம் செமஸ்டர் முடிவில் விருப்பம் தெரிவிக்க வேண்டும். கல்லூரியின் குழு மதிப்பெண்ணைப் பார்த்து முடிவு செய்யும். அனுமதிக்கப்பட்ட இடங்களில் பத்து விழுக்காடு வரைதான் இதற்கு ஒதுக்கலாம். முதுகலைக் கிரெடிட்டுக்கும் இதற்கும் தொடர்பே கிடையாது.

9. ரெண்டு டிகிரி ஒரே நேரத்துல படிக்கலாம்னு சொல்றாங்களே. பி.ஏ. படிக்கும்போதே தபால்ல எம்.ஏ. சேர்ந்துடலாமா?

2022 ஏப்ரலில் யுஜிசி இரண்டு படிப்புகளை ஒரே நேரத்தில் படிக்க அனுமதித்தது உண்மை. ஆனால் ஒவ்வொரு படிப்புக்கும் அதற்கான தகுதி இருக்க வேண்டும். முதுகலைக்குத் தகுதி இளங்கலைப் பட்டம். அது கையில் இல்லாதபோது எம்.ஏ. சேர்க்கை செல்லாது. 'சேர்த்துவிடுகிறோம்' என்று யாராவது சொன்னால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இப்போதே தொடங்க ஆசைப்பட்டால் மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான சுயத்தில் கல்வியியல், மேலாண்மை, பொது நிர்வாகம் சார்ந்த பாடங்களை எடுக்கலாம். உங்கள் பல்கலைக்கழகம் ஒத்துக்கொண்டால் ஒரு செமஸ்டரின் கிரெடிட்டில் 40 விழுக்காடு வரை சுயம் வழியே ஈட்டலாம் என்று யுஜிசி விதி இருக்கிறது. மாணவர்களின் கிரெடிட்டைச் சேமித்து வைக்க 2021-ல் தொடங்கிய கிரெடிட் வங்கிக் கணக்கில் அவை சேரும்.

10. இந்தியாவுல இந்தப் பாடத்தை எங்க படிக்கிறது?

பெயரை அப்படியே தேடிக்கொண்டு அலையாதீர்கள். உள்ளடக்கத்தைத் தேடுங்கள். திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் எம்.ஏ. கல்வியியலில் உயர்கல்வி, கல்வி மேலாண்மை என்று சிறப்புப் பிரிவுகள் உண்டு. எந்தப் பட்டதாரியும் சேரலாம், பி.எட். தேவையில்லை. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் துறையும் இருக்கிறது, பொது நிர்வாகப் பாடமும் இருக்கிறது.

புதுதில்லியில் உள்ள நியெபா, அதாவது தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனம், இந்தத் துறைக்கென்றே இருக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். 2006-ல் அந்தத் தகுதி பெற்றது. ஆய்வும், பணியில் இருப்பவர்களுக்கான பயிற்சியும் அங்கே முக்கியம். முதுகலைக்குப் பிறகு முனைவர் பட்டத்துக்கு அதை மனத்தில் வையுங்கள்.

11. அமெரிக்கக் காலேஜ் சைட்டுல 'எம்.எட்.'னு போட்டிருக்கு. எனக்கு பி.எட். இல்லையே?

அங்கே தேவையில்லை. அங்கே இந்தப் பாடத்துக்கு எம்.எட்., எம்.ஏ., எம்.எஸ். என்று பல்கலைக்கழகத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பாடம் ஏறக்குறைய ஒன்றுதான். இங்கே எம்.எட். என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுவான என்சிடிஇ-யின் விதிப்படி ஆசிரியர் கல்வியைச் சேர்ந்த இரண்டு வருடப் படிப்பு, பி.எட். அல்லது அது போன்ற ஆசிரியர் கல்விப் படிப்பு முடித்தவர்தான் சேர முடியும்.

இதில் மறைந்திருக்கும் ஆபத்து திரும்பி வரும்போதுதான் தெரியும். அங்கே உயர்கல்வி நிர்வாகத்தில் எம்.எட். வாங்கியவர், அதைக் காட்டி இங்கே பி.எட். கல்லூரியில் ஆசிரியர் வேலைக்குப் போகலாம் என்று நினைக்கக் கூடாது. அந்த எண்ணம் இருந்தால் படிப்பையே வேறு மாதிரித் திட்டமிட வேண்டும்.

12. என் பொண்ணு இதைப் படிச்சா கவர்மென்ட் வேலை கிடைக்குமா மேடம்? (நெய்வேலியிலிருந்து வந்த ஓர் அப்பா)

ஐயா, நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பட்டம் இருந்தால்தான் வேலை என்று இந்தியாவில் எந்தப் பதவிக்கும் விதி இல்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களில் உதவிப் பதிவாளர் பதவிக்கு யுஜிசி கேட்பது ஏதாவது ஒரு பாடத்தில் 55 விழுக்காடு மதிப்பெண்ணோடு முதுகலை. எம்.ஏ. தமிழ் படித்தவரும் வரலாம், எம்.காம். படித்தவரும் வரலாம். எழுத்துத் தேர்வு, நேர்முகம் வழியாகத்தான் தேர்வு செய்வார்கள். மகள் எந்த முதுகலை படித்தாலும் அந்த 55-ஐ விட்டுவிடக் கூடாது. 54 வாங்கிவிட்டு என்னிடம் வந்து நின்ற பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

உதவிப் பதிவாளராக ஐந்து வருடம் இருந்தால் துணைப் பதிவாளர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். பதிவாளர் பதவிக்குப் பதினைந்து வருட நிர்வாக அனுபவம், அதில் எட்டு வருடம் துணைப் பதிவாளர் நிலையில், என்று ஒரு வழி. ஆசிரியராக இருந்து வருகிறவர்களுக்குத் தனி வழி. நீண்ட ஏணிதான். ஆனால் இருபத்தி மூன்று வயதில் இதில் கால் வைக்கிறவர்கள் நம் பக்கத்தில் மிகக் குறைவு. பெரும்பாலோர் வேறு எதுவும் அமையாமல் முப்பதுக்கு மேல்தான் இங்கே வந்து சேர்கிறார்கள். விரும்பித் தேர்ந்தெடுத்து, படித்துவிட்டு வரும் ஒரு பெண்ணுக்கு அந்த இடைவெளியே பலம்.

13. தனியார் காலேஜ்ல?

வேலை இருக்கிறது, கூடிக்கொண்டும் இருக்கிறது. நாக் அறிக்கை, மத்திய அரசின் என்ஐஆர்எஃப் கல்லூரித் தரவரிசைக்கான தகவல், ஆண்டுதோறும் மத்திய அரசின் உயர்கல்வி ஆய்வுக்குக் கொடுக்கும் புள்ளிவிவரம் ஆகிய மூன்றையும் ஒழுங்காகத் தயாரிக்கத் தெரிந்தவரைக் கல்லூரிகள் தேடுகின்றன. சம்பளம் தொடக்கத்தில் குறைவு. எக்செல் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

14. இதையெல்லாம் படிச்சுத் தெரிஞ்சுக்கணுமா? ஆபீஸ்ல உக்காந்தா தானா வராதா?

ஃபைல் போடுவது தானாக வரும். ஒரு நிறுவனம் எங்கே தடுமாறும் என்று முன்கூட்டியே பார்ப்பது தானாக வராது. நம் பக்கத்திலேயே இரண்டு நிகழ்வுகள் இருக்கின்றன, இரண்டும் ஊரறிந்தவை. 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2012-13-ல் பெரும் நிதி நெருக்கடியில் சிக்கியது. தேவைக்கு மேல் பணியாளர்கள் இருந்தது முக்கியக் காரணம். 2013-ல் தமிழக அரசு தனிச் சட்டம் கொண்டுவந்து நிர்வாகத்தை ஏற்றது. கூடுதலாக இருந்த ஆசிரியர்களும் அலுவலர்களும் தமிழ்நாடு முழுவதும் அரசுக் கல்லூரிகளுக்கும் பிற அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். சிதம்பரத்தில் வீடு கட்டிக் குடியிருந்த குடும்பங்கள் அதனால் என்ன பட்டன என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். ஆள் எடுப்பதும் நிதிக் கணக்கும் நிர்வாகப் பாடத்தின் அரிச்சுவடி.

இன்னொன்று, சொல்லவே மனம் நடுங்குவது. 1996-ல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் விடுதியில் ராகிங்கில் கொல்லப்பட்டார். அதன் பிறகுதான் 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. நாடு முழுவதற்குமான யுஜிசி ராகிங் தடுப்பு விதிகள் 2009-ல் வந்தன. முதலாண்டு மாணவர்களை எந்தக் கட்டடத்தில் தங்கவைப்பது, இரவில் யார் சுற்றி வருவது, ஒரு பையன் இரண்டு நாளாகக் காணவில்லை என்றால் யார் யாருக்குச் சொல்வது என்பவை சின்ன நிர்வாக விஷயங்கள் போலத் தோன்றும். உயிர் அதில்தான் இருக்கிறது. விடுதிப் பொறுப்பை, நேரமில்லாத ஓர் ஆசிரியரின் தலையில் கூடுதலாகக் கட்டுவதை நான் எதிர்ப்பது இதனால்தான். இந்தத் துறையைப் படித்தவர்கள் நம் ஊருக்கு வேண்டும் என்று நான் நினைப்பதும் இதனால்தான்.

15. அமெரிக்கப் பாடம் நம்ம காலேஜுக்கு ஒத்துவருமா?

பாதி வரும். மாணவர் எப்படி வளர்கிறார், முதல் வருடத்தில் ஏன் நின்றுவிடுகிறார், ஒரு சேவை வேலை செய்கிறதா என்று எப்படி அளப்பது என்பவை எங்கேயும் பொருந்தும். சட்டம் பொருந்தாது. அங்கே 1974-ல் வந்த ஃபெர்பா சட்டப்படி, கல்லூரி மாணவரின் மதிப்பெண்ணை அவர் சம்மதம் இல்லாமல் பெற்றோருக்குக்கூடப் பொதுவாகச் சொல்லக் கூடாது. அம்மா போன் செய்து 'என் பையன் எத்தனை அரியர் வெச்சிருக்கான்' என்று உரிமையோடு கேட்கும் ஊர் நம்முடையது. பாலினப் பாகுபாட்டுக்கும் பாலியல் துன்புறுத்தலுக்கும் அங்கே 1972-ன் டைட்டில் நைன் சட்டம், பாலியல் துன்புறுத்தலுக்கு இங்கே 2013-ன் சட்டப்படியான உள்புகார்க் குழு.

அவர்கள் பாடத்தில் வரவே வராதவையும் இருக்கின்றன. இட ஒதுக்கீட்டுச் சுழற்சி, சாதிச் சான்றிதழ், புதுச்சேரி அரசின் சென்டாக் சேர்க்கைக் கலந்தாய்வு, மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை, தகவல் உரிமைச் சட்டத்தில் வரும் மனுக்கள் எல்லாம் இங்கே அலுவலகத்தில்தான் கற்க வேண்டும். 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டில் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 47, புதுச்சேரியில் 61.5. அவ்வளவு பிள்ளைகள் கல்லூரிக்கு வரும் ஊரில், அவர்களில் பலர் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வரும் முதல் ஆள். அவர்களுக்கு ஏற்ற அலுவலகம் எப்படி இருக்க வேண்டும் என்பதை நாம்தான் எழுத வேண்டும்.

16. அங்க படிச்சா அங்கயே வேலை பார்க்கலாமா?

எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் படித்து முடித்தால் ஓபிடி எனப்படும் பன்னிரண்டு மாத வேலை அனுமதி உண்டு. அறிவியல், பொறியியல் பட்டங்களுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் உயர்கல்வி நிர்வாகத்துக்குக் கிடையாது, ஏனென்றால் அது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த பக்கத்து வீட்டு அண்ணனின் கணக்கை இதற்குப் போடாதீர்கள்.

ஒரு சாதகமும் உண்டு. அரசு மற்றும் லாப நோக்கற்ற பல்கலைக்கழகங்கள் எச்-1பி எனப்படும் வேலை விசாவின் ஆண்டு உச்சவரம்புக்குள் வராதவை, குலுக்கல் இல்லாமலே விண்ணப்பிக்கலாம். ஆனால் 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. விதிகள் இப்படி மாறிக்கொண்டிருக்கும்போது, அங்கேயே தங்கிவிடலாம் என்ற நம்பிக்கையை வைத்துக் கல்விக் கடன் வாங்கக் கூடாது. திரும்பி வந்தாலும் கட்ட முடிகிற கடனாக இருக்க வேண்டும்.

17. என் கசின் அங்கயே இளங்கலை படிக்கிறா. அவளுக்கு இந்த அஞ்சு வருஷத் திட்டத்துல நஷ்டம் ஏதாவது இருக்கா?

அவளுக்கு இது உண்மையாகவே கிடைக்கக்கூடிய வாய்ப்பு. ஒரு வருடக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் ஏறக்குறைய மிச்சம். பல இடங்களில், நான்காம் வருடத்தில் எடுக்கும் முதுகலைப் பாடங்களுக்கு இளங்கலைக் கட்டணமே போதும். ஆனால் நஷ்டமும் உண்டு, அதை விளம்பரத்தில் போட மாட்டார்கள்.

இந்தத் துறையில் வேலைக்கு எடுப்பவர்கள் பட்டத்தைவிட அனுபவத்தைப் பார்ப்பார்கள். வழக்கமான இரண்டு வருட மாணவர்கள் பலர் விடுதியிலோ சேர்க்கை அலுவலகத்திலோ கிராஜுவேட் அசிஸ்டன்ட் ஆக வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறார்கள். கட்டணத்தில் தள்ளுபடி, கையில் கொஞ்சம் பணம், கூடவே இரண்டு வருட அனுபவம். விரைவு மாணவருக்கு அந்த வாய்ப்பு ஒரு வருடத்துக்குத்தான், சில இடங்களில் அதுவும் இல்லை. இருபத்திரண்டு வயதில், நேற்றுவரை கூடப் படித்த பிள்ளைகளுக்கே ஆலோசகராகப் போய் உட்கார வேண்டியிருக்கும். ஐந்து வருடமும் ஒரே வளாகத்தில் இருந்தவர், ஒரே ஒரு பல்கலைக்கழகம் நடக்கும் விதத்தை மட்டுமே பார்த்தவராக வெளியே வருவார். பாதியில் இளங்கலை முடிந்து முதுகலை மாணவராக மாறியதும், இளங்கலைக்கென்று வந்துகொண்டிருந்த உதவித்தொகையும் நின்றுபோகும்.

இரண்டாம் வருடத்திலிருந்தே விடுதி உதவியாளராகவோ, புது மாணவர் வரவேற்புக் குழுவிலோ வேலை பார்த்திருந்தால் தாராளமாகப் போகச் சொல்லுங்கள். எஃப்-1 விசாவில் இருந்தால், வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரத்துக்கு இருபது மணி நேரம்தான் வேலை என்ற வரம்பு உண்டு. இதுவரை எந்த அலுவலகத்திலும் உட்கார்ந்து பார்க்காதவள் என்றால், இளங்கலையை முடித்து ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு வேறு பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் படிப்பதே மேல் என்பது என் எண்ணம்.

18. இந்த வேலை எனக்குப் பிடிக்குமான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

அட்மிஷன் சமயத்தில் உங்கள் கல்லூரி அலுவலகத்தில் உதவிக்கு வருகிறேன் என்று முதல்வரிடம் கேளுங்கள். ஆள் பற்றாக்குறையான நேரம், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பாகூரிலிருந்தோ குறிஞ்சிப்பாடியிலிருந்தோ ஒரு பெண் அம்மாவோடு வந்திருப்பாள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு இனிஷியல். வருமானச் சான்றிதழ் காலாவதி ஆகியிருக்கும். இன்று கட்டணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும். பின்னால் வரிசை நீண்டு நிற்கும். அந்த நேரத்தில் உங்களுக்கு எரிச்சல் வருகிறதா, அல்லது இந்தப் பெண்ணை எப்படியாவது உள்ளே சேர்த்துவிட வேண்டும் என்று மனம் பரபரக்கிறதா என்று கவனியுங்கள்.

பிறகு அதே இடத்தில் இன்னொரு கேள்வியும் எழ வேண்டும்: இந்தச் சிக்கல் ஒவ்வொரு வருடமும் வருகிறதே, மே மாதமே ஒரு பட்டியல் அச்சடித்துப் பள்ளிகளுக்குக் கொடுத்திருந்தால் இவள் இங்கே நின்று அழுதிருக்க வேண்டாமே என்று. முதல் உணர்வு மட்டும் வந்தால் நல்ல மனிதர். இரண்டாவதும் வந்தால் நீங்கள் இந்தப் படிப்புக்கு உரியவர்.

19. அந்த ஊர் டிகிரியை இங்க ஒத்துக்குவாங்களா? அதுவும் கிரெடிட்டை ரெண்டு பக்கமும் எண்ணினது?

வெளிநாட்டுப் பட்டங்களுக்குச் சமநிலைச் சான்று வழங்குவதற்கு யுஜிசி 2025 ஏப்ரலில் தனி விதிமுறைகளை அறிவித்தது. அந்தப் பல்கலைக்கழகம் தன் நாட்டில் அங்கீகாரம் பெற்றதா, சேர்க்கைத் தகுதி இங்கே உள்ளதற்கு ஒப்பானதா என்றெல்லாம் பார்ப்பார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும் அவசரத்தில் இதைத் தொடங்காமல், திரும்பி வந்தவுடனேயே தொடங்குங்கள்.

விரைவுத் திட்டத்தில் படித்தவர்கள் அங்கிருந்து கிளம்பும் முன்பே இரண்டு பட்டத்துக்கும் தனித்தனி டிரான்ஸ்கிரிப்ட் (பாடவாரி மதிப்பெண் பதிவு) வாங்கிவிட வேண்டும். எந்தெந்தப் பாடங்கள் இரண்டிலும் எண்ணப்பட்டன, திட்டத்தின் விதி என்ன என்று பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதமும் வேண்டும். திட்ட விவரம் இருக்கும் அந்த வருடக் கையேட்டைச் சேமித்து வையுங்கள். ஐந்து வருடம் கழித்து இங்கே ஒரு பிரிவு அலுவலர் 'இது எப்படி ஒரு வருட எம்.ஏ.?' என்று கேட்கும்போது அந்தக் காகிதங்கள்தான் பேசும்.

20. ஒரு ஏஜென்ட், 'நாலு பிளஸ் ஒண்ணு சீட் உறுதி'ன்னு சொல்றார்.

4-ம் கேள்வியைப் படித்துவிட்டு, அவர் சொல்வது எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டு வைக்காதீர்கள்.

21. முதுகலையே வேண்டாம், நாலு வருஷ டிகிரியோட நேரா பி.எச்.டி. போகலாமா?

விதி இடம் கொடுக்கிறது. நான்காண்டுப் பட்டத்தில் 75 விழுக்காடு இருந்தால் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதலாம், முனைவர் பட்டத்துக்கும் விண்ணப்பிக்கலாம். ஆய்வில் ஆழமான ஆசை உள்ளவருக்கு அது சரி. நிர்வாக வேலையை நோக்கிப் போகிறவர் முதுகலையை விட்டுவிடக் கூடாது. 12-ம் கேள்வியில் சொன்ன உதவிப் பதிவாளர் பதவிக்கு விளம்பரம் கேட்பது முதுகலையும் அதில் 55 விழுக்காடும். முனைவர் பட்டம் கையில் இருந்து முதுகலை இல்லாவிட்டால், விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் மேசையிலேயே சிக்கல் தொடங்கும். ஒரு வருடம்தானே, அதை முடித்துவிட்டு ஆய்வுக்குப் போங்கள்.